பழனிக்கு நடக்கறவங்க கால் பொத்துப்போகாம இருக்கணும்னா

உடுமலை தாண்டி மடத்துக்குளம் போற ரோட்டில், ரெண்டாம் நாள் மத்தியானம் ஏதாவது ஒரு அன்னதானப் பந்தல்ல நின்னு பாருங்க. மூட்டு வலி, இடுப்பு வலின்னு உட்கார்ந்திருக்கறவங்க கம்மிதான். செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு, குதிங்கால் தரையில படாம, பாதத்தோட வெளி ஓரத்தை ஊன்றி ஊன்றி வர்றவங்கதான் ஜாஸ்தி. மூச்சு இருக்கு, தெம்பு இருக்கு, கெண்டைக்கால் கூடத் தாங்குது. கொப்புளம் கிளம்பிக் கால் பொத்துப்போனதுதான் ஆளை உட்கார வைக்குது.

கோயமுத்தூர்ல இருந்து பொள்ளாச்சி, உடுமலை வழியா பழனிக்கு 100 கிலோமீட்டர் சொச்சம். ஈரோட்டுப் பக்கம் இருந்து காங்கயம், தாராபுரம் வழியா வந்தாலும் ஏறக்குறைய அதே தூரம்தான். ஒரு எட்டுக்கு 70 சென்டிமீட்டர்னு வெச்சா, ஒவ்வொரு காலும் 70,000 தடவைக்கு மேல தரையை மிதிக்கணும். இதுல ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் தோல் கெட்டுப்போனாப் போதும், மிச்ச நடை முழுக்க நொண்டல்தான்.

கொப்புளம் ஏன் வந்துச்சுன்னு கேட்டா எல்லாரும் சொல்றது, "செருப்பு கடிச்சிருச்சுங்க." அது பாதி நிஜம். வலது ஆள்காட்டி விரலை இடது புறங்கை மேல அழுத்தி வெச்சு, விரல் வழுக்காம முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்க. மேல்தோல் விரலோடயே போகும், உள்ள எலும்பு நின்ன இடத்துல நிக்கும். நடுவுல இருக்கறது இழுபடும். நடக்கும்போது கால்ல ஆகறதும் இதேதான். சாக்ஸ் தோலைப் பிடிச்சுக்குது. எலும்பு ஒவ்வொரு எட்டுக்கும் உள்ள நகருது. ஆயிரக்கணக்கான தடவை இப்படி இழுபட்டு மேல்தோலோட நடு அடுக்கு கிழிஞ்சுடும். கிழிஞ்ச இடத்துல ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல நீர் சேர்ந்து, பூரி உப்பற மாதிரி மேல்படலம் தனியா எழும்பிரும். ஆக, மேல ஒண்ணும் தெரியாதப்பவே உள்ள வேலை முடிஞ்சிருக்கும்.

ஈரம் இதுல பெரிய ஆள். நல்லாக் காஞ்ச தோல் வழுக்கும். தண்ணி சொட்டச் சொட்ட நனைஞ்சதும் வழுக்கும். ரெண்டுக்கும் நடுவுல, வேர்வையில பிசுபிசுன்னு இருக்கற தோல்தான் சாக்ஸை விடாமப் பிடிக்கும். நோட்டு எண்ணறவங்க விரலை லேசா நனைச்சுக்கறது எதுக்காம்? அதே சங்கதிதான் ஷூவுக்குள்ளயும்.

கிழியறதுக்கு முன்னாடி தோல் ஒரு தகவல் சொல்லும். வலின்னு சொல்ல முடியாது; ஒரே இடத்துல சுள்ளுன்னு சூடா, மிளகாய் பட்ட மாதிரி காந்தும். அந்தக் காந்தல்ல உட்கார்ந்தா அஞ்சு நிமிஷ வேலை. இன்னும் அரை மணி நேரம் நடந்துட்டு உட்கார்ந்தா அஞ்சு நாள் வேலை. யாரும் உட்காராததுக்குக் காரணம் தோல் இல்லை, கூட்டம். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானுங்க சாமி, பந்தல் வந்துரும்"னு முன்னால போறவர் சொல்லுவாரு. அந்த ரெண்டு கிலோமீட்டர் பெரும்பாலும் நாலா இருக்கும். கால் காந்துதுன்னு ஒருத்தர் சொன்னா மொத்தக் கூட்டமும் நிக்கணும்னு கிளம்பறதுக்கு முன்னாடியே பேசி வெச்சுக்கறது, எந்தக் களிம்பையும் விட உபயோகம்.

இனி டேப். மெடிக்கல்ல "மைக்ரோபோர், ஒரு இஞ்ச்"னு கேட்டா வெள்ளைக் காகித டேப் குடுப்பாங்க, கட்டுப் போட ஒட்டறது. ஆளுக்கு ஒரு ரோல் தாராளம். 2016-ல ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு ஒண்ணு இருக்கு. பாலைவனத்துல 250 கிலோமீட்டரை நாள் கணக்கா ஓடற 128 பேருக்கு ஓட்டத்துக்கு முன்னாடியே கால்ல சில இடத்துல இந்தச் சாதா டேப்பை ஒட்டி விட்டாங்க. ஒட்டாத இடங்களோட ஒப்பிட்டா, ஒட்டின இடத்துல கொப்புளம் 40 சதவீதம் குறைவு. கெட்டியான துணிப் பிளாஸ்திரியை விட இது நல்லதுக்குக் காரணம் அதோட பலவீனமான பசைதான். ஒருவேளை கொப்புளம் வந்தாலும், டேப்பை எடுக்கும்போது மேல்தோலைப் பிய்ச்சுக்கிட்டு வராது.

ஒட்டறதுலதான் நிறையப் பேர் தப்புப் பண்றாங்க. காலைல கிளம்பும் முன்ன, கால்ல எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இருக்கக் கூடாது. ஸ்பிரிட் பஞ்சால துடைச்சு ரெண்டு நிமிஷம் காய விடுங்க. குதிங்காலுக்கு 12 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, நாலு மூலையையும் கத்தரியால உருட்டி விடுங்க. மூலை கூரா இருந்தா சாக்ஸ் அங்கதான் முதல்ல பிடிச்சு உரிக்கும். அப்பறம் பாதத்தை மேல தூக்கி, முழங்காலைப் பார்க்கற மாதிரி மடக்கி வெச்சுக்கங்க. காலைத் தொங்க விட்டுட்டு ஒட்டினா, நடக்கும்போது தோல் விரிஞ்சு டேப் பிரிஞ்சுக்கும். துண்டோட நடுப்பகுதியைக் குதிங்கால் பின்பக்கத்துல முதல்ல ஒட்டி, ரெண்டு பக்கமும் இழுக்காமத் தடவிக்கிட்டே போங்க. ஒரே அடுக்குதான், சுருக்கம் ஒண்ணு கூட இருக்கக் கூடாது. சுருக்கம் இருந்தா உரிச்சுப் போட்டுட்டுப் புதுசு ஒட்டுங்க. அந்தச் சுருக்கமே கொப்புளம் போட்டுரும். கடைசியா உள்ளங்கையால அரை நிமிஷம் அழுத்தித் தேய்ச்சா அந்தச் சூட்டுல பசை நல்லாப் பிடிக்கும்.

விரலுக்கு மோதிரம் மாதிரி இறுக்கிச் சுத்தாதீங்க. நடக்க நடக்க விரல் வீங்கும், ரத்த ஓட்டம் நின்னு போகும். நகத்துப் பக்கத்துல இருந்து நுனி வழியா அடிப்பக்கத்துக்கு ஒரு துண்டு, அதைப் பிடிச்சு நிறுத்தத் தளர்வா சுத்தி ஒரு துண்டு, அவ்வளவுதான். முன்பாதத்துக்கு ஒட்டினா டேப்போட முனைகள் மிதிபடாம பாதத்தோட பக்கவாட்டுல ஏறி முடியணும். சாயங்காலம் எடுக்கும்போது தண்ணியில நனைச்சு, தோலை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு, படிஞ்ச வாக்குல உரிக்கணும்.

எந்த இடத்துல ஒட்டறது? முன்னாடி நடந்தவங்களுக்குத் தெரியும், போன தடவை எங்க போச்சோ அங்க. முதல் தடவைன்னா குதிங்கால் பின்பக்கம், பெருவிரலோட உள் ஓரம், சுண்டுவிரல் வெளிப்பக்கம், முன்பாதத்தோட மையம். ஷூ போடறவங்களுக்குக் குதிங்காலும் விரலும், வெறுங்காலுக்கு முன்பாதம்.

சாக்ஸ் விஷயத்துல திருப்பூர்க்காரங்ககிட்ட வம்பு வளர்க்க வேண்டியிருக்கு. காட்டன் சாக்ஸ் நடைக்கு ஆகாது. பனியன் கம்பெனியில வேலை பார்த்தவங்களுக்கே இந்தக் கணக்கு தெரியும்: காத்துல இருந்து பருத்தி தன் எடையில 8.5 சதவீதம் ஈரம் ஏத்துக்கும், பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான். பனியனுக்கு அந்த குணம் சொர்க்கம். ஷூவுக்குள்ள அதுவே வேர்வையை உறிஞ்சி வெச்சுக்கிட்டு, தோலை நாள் முழுக்க அந்தப் பிசுபிசுப்புலயே வெச்சிருக்கும். பாலியஸ்டர் இல்ல நைலான் கலந்த விளையாட்டு சாக்ஸ் வாங்குங்க. அதுவும் இப்போ திருப்பூர்லயே தைக்கறாங்க. மெல்லிசா ஒண்ணு, அது மேல கொஞ்சம் தடிமனா ஒண்ணு, ரெண்டு போட்டா இன்னும் நல்லது. இழுபடற வேலை தோலுக்குள்ள நடக்காம ரெண்டு சாக்ஸுக்கு நடுவுல நடந்துரும். ஆனா ரெண்டு சாக்ஸோட கால் ஷூவுக்குள்ள தாராளமா போகணும்; நெருக்கிப் போட்டா பலனே இல்லை. மூணு ஜோடி எடுத்துக்கங்க. 10 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்தி, கழட்டினதை ஊக்குக் குத்திப் பை மேல தொங்க விட்டா தை மாச வெயிலுக்கு அடுத்த பந்தலுக்குள்ள காஞ்சிரும்.

பவுடர் வேண்டாம். முதல் அரை மணி நேரம் சுகமா இருக்கும், வேர்வை பட்டதும் கட்டி கட்டியாத் திரண்டு மணல் வேலை செய்யும். வாசலினும் அப்படித்தான். பூசின முதல் ஒரு மணி நேரம் நல்லா வழுக்கும். மூணு மணி நேரம் ஆச்சுன்னா ஒண்ணும் பூசாத காலை விட அதிகமா உராயும். மணிக்கு ஒரு தடவை பூச முடியும்னா பூசுங்க, இல்லைன்னா அதைத் தொடை இடுக்குக்கு வெச்சுக்கங்க. அங்க அது கட்டாயம் வேணும்.

கால் ரொம்ப வேர்க்கறவங்களுக்கு அலுமினியம் குளோரைடு லோஷன்னு ஒண்ணு சொல்லுவாங்க. 1998-ல அமெரிக்க ராணுவப் பயிற்சி மாணவர்களுக்கு 20 சதவீதக் கரைசலை நடைக்கு முன்னாடி அஞ்சு ராத்திரி பூசச் சொல்லி 21 கிலோமீட்டர் நடக்க விட்டுப் பார்த்தாங்க. பூசினவங்கள்ல 21 சதவீதம் பேருக்குக் கொப்புளம், மருந்து கலக்காத வெறும் கரைசல் பூசினவங்கள்ல 48 சதவீதம். பலன் கண்கூடு. ஆனா மருந்து பூசினவங்கள்ல 57 சதவீதம் பேருக்குத் தோல் எரிச்சலும் வந்துச்சு. வேணும்னா ஒரு மாசம் முன்னாடியே பூசிப் பார்த்துக்கணும், கிளம்பற வாரத்துல போய்ப் புதுசா ஆரம்பிக்கக் கூடாது.

ஷூ வாங்கினா சாயங்காலம் வாங்குங்க, கால் அப்போ கொஞ்சம் வீங்கியிருக்கும். நடைக்குப் போடப்போற சாக்ஸையே போட்டுக்கிட்டுப் போங்க. நீளமான விரலுக்கு முன்னால ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விடணும். சில பேருக்குப் பெருவிரலை விட அடுத்த விரல் நீளம், அதைக் கணக்குல எடுத்துக்கங்க. கிளம்பறதுக்கு முன்னாடி அதைப் போட்டு 50 கிலோமீட்டராவது நடந்திருக்கணும். மாலை போட்ட அன்னைக்குக் கடைக்குப் போய்ப் புது ஷூ எடுத்துக்கிட்டு வர்றதுதான் இந்த நடையில நடக்கற பெரிய தப்பு.

குதிங்கால் ஷூவுக்குள்ள மேலயும் கீழயும் ஏறி இறங்குதுன்னா, மேல கடைசியா ஒரு ஓட்டை காலியா இருக்கும் பாருங்க, அதை உபயோகப்படுத்துங்க. லேஸை அதே பக்கத்துக் கடைசி ஓட்டையில வெளியில இருந்து உள்ள விட்டா ஒரு சின்ன வளையம் வரும். ரெண்டு பக்கமும் அப்படிப் பண்ணி, வலது லேஸை இடது வளையத்துலயும் இடது லேஸை வலது வளையத்துலயும் நுழைச்சு, கீழ்ப்பக்கமா இழுத்து முடிச்சுப் போடுங்க. கணுக்கால் கிட்ட இறுகும், விரல் பக்கம் தளர்வாவே இருக்கும்.

ரப்பர் செருப்புல நடக்கறவங்களுக்குப் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவுல வார் அறுக்கும். அதை விட மோசம், செருப்பு கழண்டு போகாம இருக்க விரல் நாள் முழுக்கத் தரையைக் கவ்விக்கிட்டே இருக்கறது. முன்பாதம் எரியறதுக்கும் முன்னங்கால் வலிக்கும் பாதிக் காரணம் அதுதான். பின்னால வார் வெச்ச சாண்டல் தேவலை. ஷூ ஒண்ணு, வார் சாண்டல் ஒண்ணுன்னு ரெண்டையும் எடுத்துக்கிட்டு மாத்தி மாத்திப் போட்டா, அழுத்தம் விழற இடம் மாறிக்கிட்டே இருக்கும். அரைக் கிலோ கூடுதல் சுமை, ஆனா லாபம்.

பொம்பளைங்களுக்கு ஒரு சமாச்சாரம்: மெட்டி. முதல் நாள் சாயங்காலமே விரல் வீங்கி மெட்டி உள்ள புதைஞ்சுக்கும், அப்பறம் சோப்புப் போட்டாலும் கழராது. பக்கத்து விரலையும் அது அறுக்கும். கழட்டி வைக்க வீட்டுல ஒத்துக்கிட்டா கிளம்பும் முன்னயே கழட்டிருங்க. இல்லைன்னா ரெண்டு பக்கத்து விரலுக்கும் டேப் ஒட்டிக்கங்க. கொலுசு சாக்ஸுக்கு உள்ள போகவே கூடாது.

வேண்டுதல்னு வெறுங்காலோட நடக்கறவங்க கணக்கே தனி. அவங்களுக்கு உராய்வை விடச் சூடுதான் எதிரி. 44 டிகிரி சூடு தொடர்ந்து பட்டா தோல் பொசுங்க 6 மணி நேரம் ஆகும்; 60 டிகிரியில அஞ்சே நொடி. தைப்பூச நடையில காலைப் பனி ஏமாத்திரும், மத்தியானம் தார் ரோடு வேற ஆளா மாறியிருக்கும். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடித் தீர்த்தம் எடுத்துக்கிட்டு வர்றவங்களுக்கு அது ரெட்டிப்பு. ராத்திரி மூணு மணிக்குக் கிளம்பிக் காலைல பத்துக்கு நிறுத்தி, மறுபடி சாயங்காலம் நாலு மணிக்கு மேல நடக்கறதுதான் வழி. இருட்டுல முதுகுல ஒளிரும் பட்டை இல்லாம ஒரு எட்டு வைக்கக் கூடாது.

அனுபவப்பட்டவங்க ரோட்டு ஓரத்து வெள்ளைக் கோட்டு மேலயே போறதைப் பார்த்திருப்பீங்க. வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பறதால கறுப்புத் தாரை விடச் சூடு கம்மியாத்தான் இருக்கும். ஆனா அந்தக் கோடு வண்டிக்கும் நமக்கும் நடுவுல இருக்கற எல்லை, பனி விழுந்தா வழுக்கவும் செய்யும். பகல்ல, எதிர்ல வண்டி தெரியற பக்கமா நடந்தா மட்டும் அதை நம்புங்க.

வெறுங்கால் நடைக்குப் பாதத்தைப் பழக்க ஆறு வாரம் வேணும். முதல்ல காட்டுக்குள்ள, இட்டேரியில (வேலிக்கு நடுவுல போற மண் பாதை) 15 நிமிஷம். அப்பறம் தார் ரோட்டுல கொஞ்சம். வாரா வாரம் கூட்டிக்கிட்டே போகணும். தோல் தடிச்சு வர்றதைத் தேய்ச்சு எடுத்துராதீங்க, அதுதான் உங்க செருப்பு. ஷூ போடறவங்களுக்கு நேர் எதிர்: குதிங்கால்ல தடிச்ச தோலுக்கு அடியில கொப்புளம் வந்தா ஊசி கூட உள்ள போகாது. அதனால ரெண்டு மூணு வாரம் முன்னாடியே யூரியா கிரீம் பூசி, கால் தேய்க்கற கல்லால கொஞ்சம் கொஞ்சமாத் தேய்ச்சு மட்டம் பண்ணிரணும். பித்தவெடிப்பு இருக்கறவங்க யாரா இருந்தாலும் இதைச் செய்யணும். ஆழமான வெடிப்பு ரோட்டுல பிளந்து ரத்தம் வந்தா டேப் நிக்காது.

வெறுங்கால்காரங்க பையில ஒரு முள்வாங்கி இருக்கட்டும். ரோட்டோர மண்ணுல இறங்கினா நெருஞ்சி, கொஞ்சம் தள்ளினா சீமைக்கருவேலம். ஒடிஞ்ச முள்ளை உள்ள விட்டுட்டு நடந்தா சீழ் வெச்சிரும். டெட்டனஸ் தடுப்பூசி போட்டு அஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சுன்னா கிளம்பும் முன்ன டாக்டர்கிட்ட ஒரு டிடி ஊசி பத்திக் கேட்டுக்கங்க. உள்ளங்கால்ல மருதாணி வைக்கறவங்க இலையை அரைச்சு வைங்க. கறுப்பாச் சிவக்கும்னு விக்கற கோன்ல கலக்கற சாயம் சில பேருக்குத் தானாவே கொப்புளம் கிளப்பும்.

வழியில நல்ல மனசுக்காரங்க ரோட்டுல தண்ணி அடிச்சு விடுவாங்க. வெறுங்காலுக்கு அது புண்ணியம், ஷூ போட்டவங்க ஒதுங்கிப் போயிருங்க. நனைஞ்ச சாக்ஸோட நடந்தா ஒரு மணி நேரத்துல பாதம் வெளுத்துச் சுருங்கிரும், அப்பறம் தோல் ஈரக் காகிதம் மாதிரி கிழியும்.

இன்னொண்ணு, ரோட்டோட சரிவு. மழைத்தண்ணி வடியறதுக்காக ரோடு நடுவுல மேடா, ஓரத்துக்குச் சாய்வாத்தான் போட்டிருப்பாங்க. இடது ஓரமா நடந்தா ரெண்டு பாதமும் ஷூவுக்குள்ள இடது பக்கமாச் சரியும்: இடது கால்ல சுண்டுவிரலும், வலது கால்ல பெருவிரலோட உள் ஓரமும் மாட்டும். வலது ஓரமா நடந்தா எதிர் எதிர். நடக்கப்போற பக்கம் தெரிஞ்சா டேப் ஒட்ட வேண்டிய விரலும் தெரிஞ்சு போச்சு.

ஒவ்வொரு பந்தல்லயும் ஷூவையும் சாக்ஸையும் கழட்டி, உள்ள இருக்கற மணலைத் தட்டி, காலைப் பை மேல தூக்கி வெச்சு 15 நிமிஷம். ராத்திரி தங்கற இடத்துல பச்சைத் தண்ணியில சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கு வரைக்கும் துடைச்சுக் காத்தாட விடுங்க. வெந்நீர்ல உப்புப் போட்டு அரை மணி நேரம் கால் ஊற வைக்கறது நம்ம பக்கம் பெரிய வைத்தியம். சதை வலிக்கு இதமாத்தான் இருக்கும், ஆனா தோல் ஊறி இளகிரும், மறுநாள் காலைல முதல் 10 கிலோமீட்டர்லயே கொப்புளம் வரும். அந்த வைத்தியத்தை ஊருக்குத் திரும்பினதும் வெச்சுக்கங்க. தேங்காயெண்ணெயும் அப்படியே, அடுத்த நாள் டேப் ஒட்டணும்னா எண்ணெய் ஆகாது. வலி மாத்திரையை ஆளாளுக்கு நீட்டுவாங்க. தண்ணி கம்மியாக் குடிச்ச உடம்புல டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் ரெண்டும் சிறுநீரகத்தைப் பதம் பார்த்துரும். முடியலைன்னா பாராசிட்டமாலோட நிறுத்திக்கங்க.

இத்தனைக்கும் மேல பொத்துப்போச்சுன்னா? சின்னதா, வலி இல்லாம இருந்தா தொடாதீங்க. அந்த மேல்தோல்தான் ஊர்லயே சுத்தமான கட்டு. ரத்தம் கட்டி இருண்டு போனதையும், சூட்டுல பொசுங்கி வந்ததையும் குத்தவே கூடாது. சூட்டுக் கொப்புளத்துக்கு 20 நிமிஷம் குழாய்த்தண்ணி, அப்பறம் டாக்டர்.

ஒரு ரூபாய்க் காசை விடப் பெருசா, விண்ணுன்னு இறுகி, மிதிபடற இடத்துல இருந்தா நீரை இறக்கலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க. கொப்புளத்தையும் சுத்தி இருக்கற தோலையும் ஸ்பிரிட்டால துடைங்க. உறை பிரிக்காத புது இன்ஜெக்‌ஷன் ஊசி வேணும். தையல் ஊசியை நெருப்புல காட்டினா கரிதான் உள்ள போகும். உச்சியில குத்தாம அடி ஓரத்துல, தோலுக்குப் படுக்கை வாக்குல, ரெண்டு மூணு ஓட்டை போடுங்க. ஒரே ஓட்டைன்னா மூடிக்கிட்டு மறுபடி நிறைஞ்சிரும். பஞ்சால மெதுவா ஒத்தி நீரை வெளிய தள்ளுங்க. மேல்தோலை உரிக்காதீங்க, வெட்டாதீங்க. போவிடோன் அயோடின் களிம்பு, அது மேல காஸ் துணி. அதைச் சுத்தி, 5 மில்லிமீட்டர் ஸ்பாஞ்சுல கொப்புளத்தை விடக் கொஞ்சம் பெருசா ஓட்டை போட்டு வடை மாதிரி வெட்டி வெச்சு டேப் ஒட்டினா, எடை வளையத்து மேல விழும், புண் மேல விழாது. சில மணி நேரத்துல மறுபடி நீர் சேரும், அதே ஓட்டை வழியா ஒத்தி எடுங்க.

ஊசியில நூல் கோத்து உள்ள விட்டு வைக்கற பழக்கம் ஒண்ணு இருக்கு, நீர் நூல் வழியா வடியும்னு. வடியறது நிஜம்தான். அதே நூல் வழியா ரோட்டு அழுக்கு உள்ள போகறதும் நிஜம். வேண்டாம். சுண்ணாம்பு, பீடிச் சாம்பல், பேஸ்ட் எதுவும் வேண்டாம். சுத்திச் சிவப்புப் பரவினா, சீழ் வெச்சா, காய்ச்சல் வந்தா, தொடை இடுக்குல நெறி கட்டினா நடையை அங்கயே நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிரணும்.

சர்க்கரை இருக்கறவங்களுக்கு மேல சொன்னதுல பாதி பொருந்தாது. நரம்பு மரத்துப்போன கால்ல அந்தக் காந்தலே தெரியாது. உட்காரச் சொல்ற மணியே அடிக்காத வீடு அது. வெறுங்கால் நடை கூடவே கூடாது. மணிக்கு ஒரு தடவை சாக்ஸைக் கழட்டி, கூட வர்றவங்களை உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லணும். கொப்புளம் வந்தா ஊசி எடுக்காம நேரா டாக்டர். ஏற்கெனவே கால்ல புண் வந்து ஆறினவங்க பஸ்ஸுல வந்து மலையடிவாரத்துல கூட்டத்தோட சேர்ந்துக்கலாம், முருகன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு.

அடிவாரத்துல எல்லாருமே வெறுங்கால்தான். 693 படி. படியில ஏறும்போது முழு எடையும் முன்பாதத்துல விழும், பொத்துப்போன இடம் அதுன்னா ஒவ்வொரு படியும் தெரியும். படிக்குப் பதிலா யானைப்பாதைன்னு ஒரு வழி இருக்கு. அதுல சரிவு கம்மி, பாதம் முழுசாப் படியும், நேரம் கொஞ்சம் கூடினாலும் அதுலயே ஏறுங்க. ஏறும் முன்ன பழைய கட்டைப் பிரிச்சுட்டுப் புதுசா, மணல் உள்ள போகாத மாதிரி சுத்தியும் டேப் ஒட்டிக்கங்க.

வீடு திரும்பினதும் கொப்புளத்து மேல்தோலைப் பிய்க்க கை துறுதுறுக்கும். அடியில புதுத்தோல் கெட்டியாக அஞ்சு நாளாவது ஆகும். அதுவரைக்கும் விட்டுட்டு, காஞ்சு தானா எழும்பினதை மட்டும் நகவெட்டியால எடுங்க. சாக்ஸைத் துவைக்கப் போடும் முன்ன உள்பக்கம் திருப்பிப் பாருங்க, எந்த இடம் நைஞ்சு வழவழன்னு ஆயிருக்கோ அங்கதான் இழுபட்டிருக்கு. எந்தக் கால், எந்த விரல், எந்த ஓரம்னு ஒரு சீட்டுல எழுதி ஷூ டப்பாவுக்குள்ள போட்டு வைங்க. அடுத்த தைக்கு முதல் டேப் அங்கதான்.